மூன்று வாரச் சராசரி

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் வேலை செய்யும் பகுதிக்குப் பர்ன்-இன் என்று பெயர். மைக்ரோசிப்புகளைப் பலகைகளில் பொருத்தி, ஆள் உயர ஓவன்களுக்குள் தள்ளி, 125 டிகிரி செல்சியஸ் சூட்டில், வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து மணிக்கணக்கில் ஓட விடுவோம். மெலிந்துபோன படலம், சரியாக ஒட்டாத கம்பி என்று பிறவிக் கோளாறு உள்ளவை அங்கேயே செத்துவிடும். பிழைத்தவை பெட்டிக்குப் போகும். சிப்புகள் புதிதில் அதிகம் சாகும், நடுவில் வெகுகாலம் சும்மா ஓடும், வயதானபின் மறுபடி சாகத் தொடங்கும். இதை வரைந்தால் குளியல் தொட்டியின் வடிவம் வரும். பாத்டப் கர்வ் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த விவரம் எதற்கென்றால், பத்து பெரிங்கியில் ஒரு ஹோட்டலில் கம்பெனி எங்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தியது. உற்பத்தித் துறையில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் மலேசியர்களை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்ட வேண்டும். கட்டிய காசைப் பயிற்சிக்குத்தான் பயன்படுத்த முடியும். ஆகவே அவ்வப்போது மேலிடத்துக்கு எங்கள் மனநலத்தின் மீது அக்கறை பொங்கும். குறை சொல்லவில்லை, மதியச் சாப்பாடு நன்றாகவே இருந்தது.

பயிற்றுநர் நல்ல பேச்சாளர். "நெருப்புல போட்டாதான் தங்கம் மின்னும். அழுத்தம்தான் உங்களை உருவாக்குது" என்றார். பின்வரிசையில் இருந்த பர்ன்-இன்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சூடும் அழுத்தமும் ஒரு சிப்பைப் பலப்படுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. தேறி வரும் சிப் உள்ளே போனதைவிட உறுதியானது அல்ல. தன் ஆயுளில் ஒரு துண்டைச் செலவழித்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான். அளவுக்கு மீறி வைத்தால் நல்லதும் கெடும். அதனால்தான் ஓவன் நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மனிதர் சிப் இல்லை, கஷ்டத்தில் கற்றுக்கொள்கிறவர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வே இல்லாத கஷ்டத்தில் நான் கற்றது, வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவதை மட்டும்தான்.

அடுத்து ஒரு வட்டம் வரையச் சொன்னார். குடும்பம், உடல்நலம், பணம், ஆன்மிகம் என்று எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஆளுக்கு இது வேடிக்கையான கணக்கு. வேலை நாளில் கேட்டால் என் வட்டத்தில் தூக்கத்தையும் கம்பெனி பஸ்ஸையும் தவிர ஒன்றுமில்லை. ஓய்வு நாளில் கேட்டால் நான் பெரிய ஞானி. எந்த நாளை வைத்து நிரப்புவது?

இந்த விஷயத்தில் நம் சட்டத்துக்கு அந்த வட்டத்தைவிட அறிவு அதிகம் என்பது என் கட்சி. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆகக் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் தொழிலாளிக்கு மட்டும் அதை வாராவாரம் பார்ப்பதில்லை, மூன்று வாரச் சராசரியாகப் பார்க்கிறார்கள். நானும் என் வட்டத்தை மூன்று வாரத்துக்குப் போட்டேன். அப்பா அம்மாவைப் பார்க்கப் போனது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, கோயில், தூக்கம் எல்லாம் அதில் வந்தன. ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியவில்லையே என்று பல காலமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது.

முகாமில் உருப்படியான ஒன்று ஜொஹாரி ஜன்னல். 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்தது. நாலு கட்டம்: எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது. மூன்றாவது கட்டத்தைப் பக்கத்தில் இருப்பவர் நிரப்ப வேண்டும். என் பக்கத்தில் இருந்தது எங்கள் லைனில் மூத்த அக்கா. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர். அக்காவின் அம்மாவும் இதே வட்டாரத்தில் வேலை பார்த்தவர், 1972இல் இங்கே தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கி, தோட்டத்துப் பெண்களெல்லாம் யூனிபார்ம் போடக் கிளம்பிய காலத்து ஆள்.

அக்கா எதையும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "நீ ஓவன் ரூம்ல பாடுறியே மா, அது வெளிய கேக்குதுன்னு தெரியுமா? நைட்ல நல்லாவே பாடுற லா. கேன்டீன்ல எங்களோட உக்காந்தாதான் வாய்க்குப் பூட்டு."

ஓவன் விசிறிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. நான் கலகலப்பானவள் என்பது என்னைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணம். அக்கா சொன்னபிறகு கவனித்தேன். விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்குத் தலைவலி. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் உடம்பு ஓய்ந்திருந்தாலும் மனசு தெளிவாக இருக்கும், காரணம் இரவில் மேனேஜர் இல்லை, மீட்டிங் இல்லை, தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் வேலை வந்தது. அலுவலக நேரம், சனி ஞாயிறு லீவு, மேசை, நாற்காலி. எல்லோரும் சமநிலை வாழ்க்கை என்று சொல்வது அதைத்தான். நாள் முழுக்க ஆட்களோடு பேசுவதுதான் அந்த வேலை. வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சம்பளத்தைப் பார்த்தால் அவர் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் இரவு வேலையிலேயே இருந்துவிடவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் 2007இல் இரவு ஷிப்டைச் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதை மாற்றவில்லை. என் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அப்போது உட்கார்ந்து யோசித்ததில்தான் விளங்கியது: எனக்குப் பிடித்தது இரவு அல்ல, ஆளில்லாத நேரம். அது பகலிலும் கிடைக்கும், எல்லோரும் வேலையில் இருக்கும் வாரநாள் காலையில்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் சுழலும் ஓய்வு நாளும் அப்படியே இருக்கட்டும், இரவு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கத் தொழிலாளிக்கு வேலைச் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, எச்.ஆர். பெண்ணே திரும்பப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். கேட்டது கிடைத்தது. இரவுப் படி போயிற்று, அதோடு சமையலறையைப் புதுப்பிக்கும் திட்டமும் போயிற்று.

ஓய்வு நாள் செவ்வாயிலோ புதனிலோ விழுந்தால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறேன். தைப்பூசத்தில் மூச்சு விட இடமில்லாத அந்த 513 படியும் அந்த நேரத்தில் எனக்குத்தான். பாதியில் நின்று இளைப்பாறினால் பின்னால் வந்து இடிக்க ஆளில்லை. இறங்கி வந்து, 1884இல் அமைத்த பொட்டானிக்கல் கார்டனில் ஒரு சுற்று, பிறகு பசியாறல். டாக்டர் சொன்ன நடை, சாமி கும்பிடுவது, தனியாக இருப்பது எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. சில நாள் படியிலும் பாடுகிறேன்.

இதற்குள்ள விலை உறவுக்காரர்களிடம்தான் தெரிகிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். பல ஞாயிறு எனக்கு டே ஷிப்ட். நான் வேண்டுமென்றே ஒதுங்குகிறேன் என்று நாத்தனார் சொல்லித் திரிகிறார், முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அட்டவணையைப் பார்த்தேன், அன்றைக்கும் எனக்கு வேலை. அக்காவிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். "மாத்துறேன், ஆனா கல்யாணத்துல வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசணும்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.