நோகிசு

டில்லியில் கிழக்காசியவியல் எம்.ஏ. முடித்துப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, இதுக்கு எந்த ஆபீஸ்ல வேலை தருவாவ?" எனக்கே தெரியாது. ஜப்பானின் மெய்ஜி காலத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். அதை யார் கேட்கிறார்கள்?

உடன் படித்த ஒருத்தி நெட் எழுதி ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். கொரிய மொழி எடுத்தவன் டோபிக் தேர்வு எழுதி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நான் ஒரு ஏஜென்சிக்குப் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு நாலு மாதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

நான் எடுத்தது ஜப்பானிய மொழி. அப்புறம் அதன் தகுதித் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்2 நிலைக்கு உட்கார்ந்தேன். டிசம்பர் முதல் ஞாயிறு, சென்னையில் தேர்வு. 180-க்கு 90 எடுத்தால் போதும். ஆனால் மூன்று பகுதியிலும் தலா 19 வேண்டும். கேட்டல் பகுதி பெரிய சிரமமில்லை. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான். 'வருவான்', 'வரமாட்டான்' என்பது வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். நம் காதுக்கு அது பழகினதுதானே. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துதான் உயிரை வாங்கியது.

பாஸானேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் இன்டர்வியூ. ஜப்பானிய மேலாளர் ஒரு பரிசோதனைத் தாளை நீட்டினார். நோகிசு, பரி, தந்தோரி. முழித்தேன். என்2-வில் இதெல்லாம் வராது. பேசுவது, எழுதுவதுகூட அந்தத் தேர்வில் கிடையாது.

ஊருக்கு வந்து, பேட்டை சிட்கோவில் இருக்கும் மாமாவின் லேத் பட்டறையில் மூன்று வாரம் நின்றேன். மாமா வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். அதுதான் நோகிசு. கடைந்த இரும்பின் விளிம்பை நகத்தால் தடவி, "இந்தா, பிசிறு" என்றார். அதுதான் பரி. வேலை மாறும்போது டூல் மாற்றி செட்டிங் போடுவது தந்தோரி. கரி படிந்த விரலோடு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இன்டர்வியூ வேறு கம்பெனி. மேலாளர் சொல்வதை அங்கே நின்ற லைன் சூப்பர்வைசருக்குச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கிலம் வழியாகப் போகாமல் நேராகத் தமிழில் சொன்னேன்: "விளிம்பில பிசிறு நிக்குதாம், நோகிசை வைக்கும்போது அளவு தப்புதாம்." நோகிசு என்றால் வெர்னியர் என்று சொல்ல வேண்டியிருந்தது, பிசிறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மாமாவின் பட்டறைப் பையன்கள் வெர்னியரை இப்போது நோகிசு என்றுதான் கேட்கிறார்கள்.