மிஸ் சோஃபியின் மிளகுத்தண்ணீர்

ஜெர்மனியில் ஹாம்பர்க் வந்த புதிதில், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் "ஹால்ப் த்ராய்" என்று நேரம் சொன்னார். ஹால்ப் என்றால் அரை, த்ராய் என்றால் மூன்று. மூன்றரை என்று நானே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கதவில் சீட்டு. ஹால்ப் த்ராய் என்றால் மூன்றுக்கு இன்னும் அரை மணி பாக்கி, அதாவது இரண்டரை! இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று சொல்கிற ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? யாராவது போன் நம்பர் சொன்னால், இன்றைக்கும் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு அடுத்ததை முதலில் எழுதுகிறேன்.

அந்தப் போனுக்கே இங்கே 'ஹேண்டி' என்று பெயர். ஆங்கிலம் மாதிரி இருக்கும், ஆனால் ஆங்கிலேயருக்குப் புரியாது. பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துவதும் தப்பு, அபசகுனமாம். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாளுக்கு வெள்ளிக்கிழமையே கைகொடுத்தேன். கூட வேலை பார்க்கும் அம்மா பதறிப்போனார். நம் ஊரில் புறப்படுகிறவரை 'எங்கே போகிறாய்' என்று கேட்டுவிட்ட மாதிரி.

இதெல்லாம் போகட்டும். டிசம்பர் 31 அன்று கீழ்வீட்டுப் பாட்டி கூப்பிட்டிருந்தார். உருளைக்கிழங்கு சாலட், ஜாம் வைத்துப் பொரித்த 'பெர்லினர்' பன். அதில் ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகுச் சாந்தை வைத்து யாரையாவது ஏமாற்றுவது வழக்கமாம். யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் டிவியைப் போட்டார். 'டின்னர் ஃபார் ஒன்' என்கிற சிரிப்பு நாடகம். கறுப்பு வெள்ளை, 18 நிமிடம். 1963இல் இதே ஹாம்பர்கில் படம்பிடித்தது. 1972இலிருந்து வருடம் தவறாமல் இந்த நாளில் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நாடகம் முழுக்க ஆங்கிலம், நடித்தவர்களும் ஆங்கிலேயர்கள். பிரிட்டன் தொலைக்காட்சியோ 2018இல்தான் முதல்முறையாகப் போட்டது. மற்ற வெளிநாட்டுப் படங்களையெல்லாம் ஜெர்மனில் பேச வைத்துவிடுகிறவர்கள், இதை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

நாடகத்தில் வரும் மிஸ் சோஃபிக்குத் தொண்ணூறு வயது. விருந்துக்கு வரவேண்டிய நாலு நண்பர்களும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பங்கு மதுவையும் பரிமாறுகிறவரே குடித்துவிட்டு, தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் தடுக்கித் தடுக்கி விழுகிறார். பாட்டி ஒவ்வொரு தடுக்கலுக்கும் ஒரு நொடி முன்னாலேயே சிரித்தார்.

முதலில் வருவது சூப். அதன் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். 'மல்லிகடானி'! மதராசில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு நம் சமையல்காரர்கள் வைத்துக் கொடுத்த மிளகுத்தண்ணீர், அவர்கள் நாக்கில் புரண்டு அப்படி ஆனது. வருடா வருடம் ஜெர்மனியே உட்கார்ந்து கேட்கிற தமிழ்ச் சொல்!

பாட்டியிடம் சொன்னேன். நம்பவில்லை. அத்தனை வருடமாகப் பார்க்கிறார், அது ஏதோ இங்கிலாந்துக் கோழி சூப் என்றுதான் நினைத்திருக்கிறார். சரி என்று அடுத்த டிசம்பரில் மிளகு ரசம் வைத்து, பிளாஸ்கில் ஊற்றிக் கீழே கொண்டுபோனேன். காரத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன், சத்தியமாக.

பாட்டி ஒரு வாய் குடித்தார். இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ் சோஃபி சூப்போடு ஷெர்ரி ஒயின் ஏன் கேட்கிறாள் என்று இப்போதுதான் புரிகிறது" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை எடுக்க அலமாரிக்குப் போனார்.