சோதனை முடியட்டும்

எங்கள் கல்லூரி நூலக மாஸ்ரர் காலமான செய்தி பழைய மாணவர் சங்க வாட்ஸப் குழுவில் விழுந்த அன்று, மதியத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து நிறைந்துவிட்டன. அவரிடம் படித்தவர்கள், அடி வாங்கியவர்கள், நூலகப் படியே ஏறாதவர்கள் என்று எல்லோரும் "ஆத்மா சாந்தியடையட்டும்" போட்டார்கள். நானும் போட்டேன். அப்புறம் சங்கத்தின் மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணை, நீங்கள்தானே நாவலர். மாஸ்ரரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாங்கோ."

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நாவலர் என்பது ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் எனக்கு விழுந்த பட்டம். நல்லூர் ஆறுமுக நாவலருக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பட்டம் விழுந்த கதைக்கு முன் ஓர் ஆங்கில நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாஸ்ரரை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது அவருடைய மரணமல்ல, அந்த நாவல்தான்.

மாட் ஹெய்க் எழுதி 2020இல் வெளிவந்த 'த மிட்நைட் லைப்ரரி'. கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது மகள் தந்தாள். "அப்பா, இது உங்களுக்குத்தான்" என்றாள். ஏன் எனக்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்போர்ட் நகரத்தில் நோரா சீட் என்று ஒருத்தி. வயது 35. வேலை போய்விட்டது, வளர்த்த பூனை செத்துவிட்டது, அண்ணன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வாழ்ந்தது போதும் என்று ஓர் இரவு முடிவெடுக்கிறாள். உயிருக்கும் சாவுக்கும் இடையில் அவள் கண் விழிக்கும் இடம் ஒரு நூலகம். மணிக்கூடு நள்ளிரவில் நின்றுபோயிருக்கிறது. அலுமாரிகளுக்கு முடிவே இல்லை. ஒவ்வொரு புத்தகமும் அவள் வாழாமல் விட்ட ஒரு வாழ்க்கை. திறந்தால் அதற்குள் போய்விடலாம். அந்த நூலகத்துக்குப் பொறுப்பாக இருப்பவர், பள்ளிக்கூடத்தில் அவளோடு செஸ் விளையாடிய நூலகர் மிஸிஸ் எல்ம். முதலில் அவர் எடுத்துக் கொடுப்பது கழிவிரக்கங்களின் புத்தகம். அதைத் தூக்கவே முடியாத பாரம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் எனக்கு ஒரு நூலகம் திறந்தால், மேசைக்குப் பின்னால் யார் இருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை அரைக்கைச் சேட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, தலை நிமிராமலே "கையைக் கழுவினீரோ?" என்று கேட்பார்.

எங்கள் நூலகம் இருந்த மேல்மாடியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செருப்பை எங்கே கழற்றுவது, எந்தப் படி கிறீச்சிடும், எந்த யன்னலால் பெண்கள் பள்ளிக்கூட பஸ் தெரியும் என்பதெல்லாம் உங்களுக்கும் மனப்பாடம். மாஸ்ரருக்கு செஸ் தெரியாது. சிரிக்கவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் எவன் எந்த அலுமாரிப் பக்கம் நிற்கிறான் என்பதை முதுகாலேயே பார்ப்பார். வீரகேசரிப் பிரசுர நாவல்களை நான் முடித்துவிட்டேன் என்பதை எனக்கு முன்பே அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தடித்த மொழிபெயர்ப்பு ஒன்றை மேசையில் தள்ளிவிட்டார். ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பனியிலேயே வாழ்ந்தேன். யாழ்ப்பாணத்து வெயிலில் சைக்கிள் உழக்கிக்கொண்டு போகிறவன் மனத்துக்குள் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தான்.

நான் ஏ.எல். முதல் வருடம் படிக்கும்போதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கியது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர் விட்டதை ஊரே கதைத்தது. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிய பிறகு வந்த முதல் நூலகப் பாடவேளையில் மாஸ்ரர் ஒருவருக்கும் புத்தகம் கொடுக்கவில்லை. நூற்பதிவேட்டை மேசையில் விரித்தார். ஆளுக்கு ஓர் அலுமாரி. இலக்கத்தை நாங்கள் வாசிக்க அவர் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போனார். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. ஏன் எண்ணுகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி அந்தப் பட்டம். தூயகணிதக் கொப்பிக்குள் ரஷ்ய நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை ஐயா, அதாவது என் அப்பா, கண்டுபிடித்தார். வீட்டில் அடி விழுந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஐயா அடிக்கிற ஆளில்லை, மனுக் கொடுக்கிற ஆள். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அடுத்த நாள் இடைவேளைக்கு அரைக் காற்சட்டைக்காரர் தொடங்கி ஏ.எல். வரைக்கும் நூலகம் நிறைந்திருந்த நேரம், குடையும் கையுமாக மேல்மாடிக்கு வந்துவிட்டார். "யூனிவேர்சிற்றிக்குத் தரப்படுத்தல் வந்தபிறகு எங்கட பிள்ளையளுக்கு ஒரு மார்க்ஸும் பெரிசு, மாஸ்ரர். நீங்கள் நாவலைக் குடுத்தால் இவன் எப்பிடி இஞ்சினியராகிறது?"

மாஸ்ரர் முழுவதையும் கேட்டார். லாச்சியைத் திறந்து என் அட்டையைத் தேடி எடுத்தார். குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. ஐயாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உமக்கு இனிப் புத்தகம் இல்லை. சோதனை முடியட்டும், வாரும்."

சபையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளிருந்துதான் யாரோ "நாவலர்" என்று கத்தினான். கத்தியவன் இன்று எங்கள் சங்கத்தின் பொருளாளர். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்.

சோதனை முடிந்தது. புள்ளி போதவில்லை. ஆக, நாவலையும் பறித்தார்கள், இஞ்சினியராகவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நூலகத்துக்கு நான் போகவே இல்லை, ரோசம். 83 ஆடிக் கலவரம் வந்தது. 84 தையில் கணக்காளர் படிப்பு என்ற பெயரில் லண்டன். பகலில் வகுப்பு, இரவில் பெற்றோல் செற். நள்ளிரவு நூலகம் என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கண்ணாடிக் கூண்டும் சிகரெட் அலுமாரியும்தான் ஞாபகம் வந்தன. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஒரு காரும் வராது. அப்போது வாழாத வாழ்க்கைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பேராதனையில் படித்த நான், நீர்ப்பாசனத் திணைக்களத்து நான், ஐயாவின் கொள்ளிக்கு ஊரில் நின்ற நான்.

நோரா புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். மதுக்கடை நடத்தும் மனைவியாக, நீச்சல் வீராங்கனையாக, வடதுருவப் பக்கம் பனியாற்றை ஆராய்பவளாக, உலகம் கொண்டாடும் பாடகியாக. ஒன்றிலும் நிலைக்க முடியவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போன வாழ்க்கையில் உயிர்த்தோழி இல்லை. பாடகியான வாழ்க்கையில் அண்ணன் இல்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் யாரோ ஒருவரைக் காணவில்லை. ஆகவே கிடைத்த வாழ்க்கையையே பிடித்துக்கொள் என்கிற பக்கம் கதை போகிறது. வாசிக்க இதமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்புப் படத்தில் ஆட்களைக் காணாமல் போவதற்கு வேறு வாழ்க்கை ஒன்றும் தேவைப்படவில்லை. இதே வாழ்க்கையிலேயே பின்வரிசையில் பாதிப்பேர் இல்லை. நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று கழிவிரக்கப்படுவதற்குக்கூட உயிரோடு இருக்கவேண்டுமே. அந்த வசதி எனக்குக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. முடிவில் நோராவுக்கு வாழவேண்டும் என்று ஆசை வந்ததும் அந்த நூலகம் இடிந்து விழத் தொடங்குகிறது. கதைப்படி அது நல்ல செய்தி. பெட்போர்ட்காரருக்கு அப்படியிருக்கலாம். யாழ்ப்பாணத்தான் ஒருவன் நூலகம் அழிவதை எந்தக் கதையிலும் நல்ல செய்தியாக வாசிக்க மாட்டான். அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிட்டேன்.

என்னைப் பிடித்து இருத்தியது வேறொரு இடம். நோராவுக்குக் கடைசியில் குறையே இல்லாத ஒரு வாழ்க்கை கிடைக்கிறது: நல்ல கணவர், சின்ன மகள், வீடு. ஆனால் அந்த வாழ்க்கையில் அவள் பியானோ சொல்லிக்கொடுக்காத ஒரு பெடியன், அவளுடைய பழைய மாணவன், வழி தவறிப் போயிருக்கிறான். தான் தோற்றுப்போனதாக நினைத்த வாழ்க்கையில், கிழமைக்கு ஒருமுறை ஒரு பையனுக்குப் பாடம் சொன்னது ஒரு பெரிய காரியம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

மாஸ்ரருக்கும் திறக்காத ஒரு புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் எத்தனை பேர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விஞ்ஞான மாஸ்ரர் போய் வந்து மாடிவீடு கட்டினார். நூலக மாஸ்ரருக்கும் நைஜீரியாக் கடுதாசி வந்ததாம். அவர் போகவில்லை. தாயாருக்குச் சுகமில்லை என்பான் ஒருவன். மனைவி விடவில்லை என்பான் இன்னொருவன். புத்தகங்களை விட்டுப் போக மனமில்லை என்பது மலர்களில் அச்சாகும் காரணம், நாங்கள் விரும்பும் காரணமும் அதுதான். தியாகம் என்று எழுதிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. அவருக்கும் போக ஆசை இருந்திருக்கலாம், மேல்மாடியில் எங்கள் அழுக்குக் கைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கலாம் என்பதையெல்லாம் நினைக்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர வலிகாமமே எழும்பி நடந்ததே, அன்று அவரும் நடந்தார். அவருடைய சைக்கிளில் அரிசிப் பைக்கும் பாய்க்கும் நடுவே நூற்பதிவேடு இருந்தது என்று, ஊரில் நின்று அதே கல்லூரியில் படிப்பித்த என் வகுப்புத் தோழன் சொன்னான். புத்தகம் ஒன்றும் கொண்டுபோகவில்லை, பதிவேடு மட்டும். அடுத்த வருடம் திரும்பி வந்ததும் மேல்மாடிக்கு ஏறி, 81இல் செய்தது போலவே எண்ணத் தொடங்கினாராம். இந்த முறை இலக்கம் வாசிக்கப் பிள்ளைகள் இல்லை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் அவருடைய சின்ன எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறதாம்: கறையான், மழை, தவறியது, இடப்பெயர்வு. நோராவுக்குக் கொடுத்த புத்தகத்தில் அவள் என்னென்ன செய்யாமல் விட்டாள் என்று இருந்தது. எங்கள் மாஸ்ரரின் புத்தகத்தில் யார் என்ன செய்தார்கள் என்றுகூட இல்லை. என்ன இல்லை என்பது மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2004இல், பிள்ளைகளோடு ஊருக்குப் போனேன். மாஸ்ரர் ஓய்வு பெற்று விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் பார்வை நன்றாகக் குறைந்துவிட்டது. மனைவி பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "லண்டனில இருந்து வந்திருக்கினம், உங்கட ஸ்ருடன்ற்" என்றார். நான் பெயரைச் சொன்னேன். எந்த வருடம் என்று சொன்னேன். ஐயா கச்சேரியில் இருந்தவர் என்றும் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் பக்கம் திரும்பினார்.

"சோதனை முடிஞ்சுதோ?"

அவர் பகிடி விட்டாரா, வேறு யாரோ பிள்ளை என்று நினைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது நாற்பது வயது. நரை விழுந்த தலையோடு எழும்பி நின்று, "ஓம் சேர்" என்றேன். மகள் என்னை வியப்போடு பார்த்தாள், அப்பா ஒருவருக்காக எழும்பி நின்றதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. மாஸ்ரர் தலையாட்டினார். பிறகு பிள்ளைகளிடம் லண்டனில் எந்நேரமும் குளிரோ என்று கேட்டார். தன் படிப்பித்தல் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. ஸ்நோ கொட்டினால் மரமெல்லாம் எப்படியிருக்கும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் தள்ளிவிட்ட புத்தகங்களில் எத்தனை பக்கம் அதைப் பற்றி இருந்தது! நீங்கள் வந்து பாருங்கோ சேர் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது ஒரு பின்னேரம் முழுக்க அவரோடு இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். பாதை மறுபடி மூடியது. திறந்தபோது எனக்கு வேறு வேலைகள் இருந்தன. நோரா கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போய் மிஸிஸ் எல்மோடு செஸ் ஆடுகிறாள். அந்தப் பக்கத்தை மகள் மடித்து வைத்திருந்தாள். தற்செயலாகவும் இருக்கலாம்.

சங்கம் மாஸ்ரர் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறது. செயற்குழுவில் முதலில் வந்த யோசனை ஸ்மார்ட் போர்ட். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, காசு இருந்தால் அதையும் வாங்குங்கள். ஆனால் அவர் பெயர் போடுவதென்றால் அது மேல்மாடியில் இருக்கவேண்டும், நாவல்களாக இருக்கவேண்டும். மாதிரி வினாத்தாளும் பொது அறிவுக் குறிப்பும் வாங்கி அடுக்கிவிட்டு நூலகம் என்று படம் போடுகிற வேலை வேண்டாம். கூடவே ஒரு நிபந்தனையும் எழுதி அனுப்பினேன்: ஏ.எல். பிள்ளைகளுக்கும் அட்டை கொடுக்கவேண்டும், பெற்றோர் வந்து கேட்டாலும் அதைப் பறிக்கக்கூடாது.

பொருளாளர் அன்றிரவே பதில் போட்டான். "சோதனைக் காலத்திலுமோ நாவலர்?"

சோதனைக் காலத்திலும்தான் என்று எழுதியிருக்கிறேன். விடயம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. வரக்கூடியவர்கள் வந்து கையை உயர்த்துங்கள்.