குகைக்குள் ஒரு குடித்தனம்

ஜூன் 3, 2025

ஒளிந்து பிழைத்த யூதக் குடும்பம் என்றால் எனக்கு இதுவரை ஏதோ ஒரு மாடி அறையும் மறைவுக் கதவும்தான் மனதில் வரும். இப்போது படித்துக்கொண்டிருப்பது மேற்கு உக்ரைனில் கொரோலிவ்கா கிராமத்து ஸ்டெர்மர் குடும்பத்தைப் பற்றி. 1942இல் நாஜிகள் யூதர்களை கெட்டோவுக்கு (அவர்களை அடைத்து வைத்த தனிப் பகுதி) ஓட்டிக்கொண்டிருந்த சமயம், வீட்டுத் தலைவி எஸ்தர் ஸ்டெர்மர் முடியாது என்று நின்றுவிட்டார். ஜெர்மன்காரன் எங்கே வரச் சொல்கிறானோ அங்கே போகவே கூடாது, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அக்டோபரில் உறவுக்காரர்களோடு வெர்டெபா என்ற ஜிப்சம் குகைக்குள் போய்விட்டார்கள்.

ஜூன் 4

வெர்டெபா சரிப்படவில்லை. உள்ளே தண்ணீர் கிடையாது, அடுப்பு மூட்டினால் புகை போக வழியில்லை. 1943 வசந்தத்தில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ உள்ளேயே வந்துவிட்டது. எஸ்தர் அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க, மற்றவர்கள் இருட்டில் நழுவி, முன்கூட்டியே தோண்டி வைத்திருந்த இன்னொரு வழியாக வெளியேறியிருக்கிறார்கள். சிலர் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். அந்த இன்னொரு வழியை யோசித்து வைத்தவர்களுக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

ஜூன் 7

இரண்டு நாள் வேலை நெருக்கடி, படிக்க முடியவில்லை.

இரண்டாவது குகைக்கு உள்ளூரில் பாதிரியார் குகை என்று பெயர். வயல் நடுவே ஒரு பள்ளம், அதன் அடியில் ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவு துளை, அதற்குப் பிறகு கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம். நல்லவேளையாக உள்ளே ஏரித் தண்ணீர் இருந்தது, புகையும் எங்கோ போய்விட்டது. 1943 மே 5 அன்று 38 பேர் இறங்கினார்கள், சின்னக் குழந்தையிலிருந்து பாட்டி வரை.

எனக்குப் பிடித்தது அங்கே நடந்த குடித்தனம்தான். ஒரு திருகைக் கல்லைச் சுமந்து இறக்கி, ஆண்கள் ராத்திரியில் கொண்டு வருகிற தானியத்தை அதில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். மண்ணெண்ணெய் தீர்ந்துவிடக் கூடாதே என்று சமைக்க, சாப்பிட மட்டும் கொஞ்ச நேரம் விளக்கு. மற்ற நேரமெல்லாம் கும்மிருட்டில் படுக்கை, ஒரு நாளில் 22 மணி நேரம் வரைகூடத் தூங்கியிருக்கிறார்கள். நாம் கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் படும் பாடு!

ஜூன் 8

அந்தக் கோடையில் ஊர்க்காரர்கள் சிலர் வந்து வாசலை மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். நாஜிப் படை அல்ல, பக்கத்து ஊர் ஆட்கள். உள்ளே இருந்தவர்கள் வேறு பக்கமாகத் தோண்டித்தான் வெளியே வந்தார்கள். இந்தக் கதையை ‘மனிதநேயம் வென்றது’ என்று முடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. உதவியவர்கள் இருந்தார்கள்தான், இந்தக் குகையைப் பற்றிச் சொன்னதே தெரிந்த வனக்காவலர் ஒருவர். ஆனால் மாதக்கணக்கில் காப்பாற்றியது இவர்களுடைய பிடிவாதமும் முன்யோசனையும்.

சோவியத் ராணுவமான செம்படை வந்ததும் 1944 ஏப்ரல் 12 அன்று மேலே ஏறினார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, அந்த விளக்கை அணைக்கச் சொன்னதாம். அது சூரியன்.

ஜூன் 10

போருக்குப் பிறகு ஸ்டெர்மர் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. 1993இல் கிறிஸ் நிக்கோலா என்ற அமெரிக்கக் குகை ஆய்வாளர் பாதிரியார் குகைக்குள் போனபோது பழைய செருப்பு, பொத்தான், அந்தத் திருகைக் கல் எல்லாம் கிடந்திருக்கின்றன. யாருடையவை என்று உள்ளூரில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. விடாமல் விசாரித்து, கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்துத்தான் பிழைத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் இருந்தது நிக்கோலாவின் சொந்த ஊரான நியூயார்க்கில்.