இறங்குகிற மீனுக்கும் வழி வேண்டும்

நீர்மின் அணையில் மீன்களைக் கண்காணிக்கும் வேலை என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது, மீன்கள் அணையைத் தாண்டி மேலே போகப் படிப்படியாகக் கட்டும் மீன் ஏணியைப் பற்றித்தான். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் சால்மன் மீன் தொட்டி தொட்டியாக ஏறி வருவது கொள்ளை அழகு. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பான்வில் அணையில் 1938 முதலே ஏறும் மீன்களை எண்ணி வருகிறார்கள்.

ஆனால் ஏணி கட்டினால் மட்டும் போதாது. அதன் வாசல் மீனுக்குத் தெரிய வேண்டும். மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைனிலிருந்து பாய்ந்து வரும் நீரை எதிர்த்துத்தான் மீன் நீந்தும். வாசலில் வரும் நீர் அதற்கு ஈடாக இழுக்காவிட்டால் அணையடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றுக்குள் வந்த சால்மன் அநேகமாக இரை எடுப்பதில்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பை வைத்துத்தான் முட்டையிடும் இடம்வரை போயாக வேண்டும்.

விலாங்கு போல நீண்டு, உறிஞ்சிப் பிடிக்கும் வாய் கொண்ட லாம்ப்ரே மீனின் பாடு வேறு. வேகமான நீரில் அது வாயால் சுவரைக் கவ்வி, கொஞ்சம் முன்னேறி, மறுபடி கவ்வும். சுவரின் கூர்முனையில் வாய் ஒட்டாது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். பராமரிப்புக்காக ஏணியில் நீரை வடித்தபோது, வளைவாக மாற்றிக் கட்டிய ஒரு மூலையைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு சின்ன மாற்றம்தான், லாம்ப்ரேக்கு அதுவே வழி.

எனக்கு அதிகக் கவலை தருவது இறங்கும் மீன்கள்தான். கடலுக்குப் போகும் குஞ்சுகள் நீரின் போக்கிலேயே வரும். பெரும்பங்கு நீர் டர்பைனுக்குப் போனால் அவையும் அங்கேதான் போகும். தகடு படாமல் தப்பினாலும், நொடிக்குள் அழுத்தம் சரிவதில் காற்றுப்பை வீங்கி வெடிக்கலாம். மதகைத் திறந்து நீரை வழியவிட்டால் குஞ்சுகள் அந்த வழியாக இறங்கலாம், ஆனால் அந்த நீருக்கு மின்சாரம் கிடைக்காது. குஞ்சுகளுக்காக அளவில்லாமலும் திறக்க முடியாது. உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துச் செல்ல, நீரில் வாயு மிகுந்து மீனின் உடலுக்குள்ளேயே குமிழி கட்டும். உருப்பெருக்கியில் துடுப்பை வைத்துப் பார்த்தால், அதைத் தாங்கும் மெல்லிய கதிர்களுக்கு நடுவே அந்தக் குமிழிகள் வரிசையாகத் தெரியும்.

விலாங்குக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடல் நீளமாக இருப்பதால் தகட்டில் அடிபடும் வாய்ப்பும் கூடுதல். முதிர்ந்த ஐரோப்பிய விலாங்குகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், ஆறு பெருகும் இருண்ட இரவுகளில் இறங்குகின்றன. அந்த இரவுகளை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். டர்பைன் பராமரிப்புக்கு உற்பத்தியை நிறுத்தும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. விலாங்கு இறங்கும் நேரங்களும் அதே அட்டவணையில், அதே உரிமையோடு இடம்பெற வேண்டும் என்று ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் கேட்கிறேன்.