நான் நடத்திய பாடத்துக்கு நானே வைத்த பரீட்சை

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ‘ரிசல்ட் அனாலிசிஸ்’ கேட்பார்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி, விழுக்காடு என்ன, மெல்லக் கற்போர் யார் யார் என்று நிரப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்ததால் ஒரு பிள்ளைக்குப் புதிதாக என்ன புரிந்தது என்பதை அந்தத் தாளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே தெரிந்துகொண்டு வந்த பிள்ளைக்கும், நான் சொல்லித் தெரிந்துகொண்ட பிள்ளைக்கும், எதுவும் புரியாமல் உருப்போட்டு எழுதிய பிள்ளைக்கும் அதில் ஒரே மதிப்பெண் இருக்கலாம்.

இதற்கு வழி தேடியபோது கண்ணில் பட்டது ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்ட, விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் வினாத்தாள். இப்போது புழங்கும் வடிவத்தில் 30 கேள்விகள். கணக்கு கிடையாது, சூத்திரம் வேண்டாம். தவறான விடைகளைச் சும்மா இட்டு நிரப்பாமல், மாணவர்கள் உண்மையாகவே எப்படி நினைக்கிறார்களோ அதிலிருந்து எடுத்திருப்பார்கள். அந்த வினாத்தாள் பொதுவெளியில் கசியக் கூடாது என்பது வழக்கம். அதனால் அதே பாணியில் சில கேள்விகளைத் தமிழில் நானே எழுதிக்கொண்டேன்.

மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அதன் மீது என்ன விசை? கயிற்றில் கட்டிச் சுற்றும் கல், கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் போகும்? ஓடி வரும் லாரி, நிற்கும் காரில் மோதினால் யார் மீது அதிக விசை? இப்படித்தான் கேள்விகள்.

இயக்க விதிகளைத் தொடங்கும் முன்பே இரண்டு பிரிவுகளுக்கும் கொடுத்தேன். “மிஸ், இதுக்கு மார்க் உண்டா?” என்பதுதான் முதல் கேள்வி. கிடையாது என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது, மீதிப் பேர் பயம் விட்டு எழுதினார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். விடைகளை வகுப்பில் பேசவே இல்லை. பேசிவிட்டால் பிறகு வைக்கும் தேர்வு நினைவாற்றல் சோதனையாகிவிடும்.

திருத்தும்போது சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அதிகம் சொல்லிக்கொடுத்தன. பந்து உச்சியில் நிற்பதால் அங்கே விசையே இல்லை என்று குறித்தவர்கள் ஒரு கூட்டம். கை கொடுத்த விசையும் புவியீர்ப்பும் அங்கே சமமாகிவிடுகின்றன என்பவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டும் தவறு. அந்தக் கணத்தில் திசைவேகம் மட்டும்தான் சுழி; புவியீர்ப்பு விசை எப்போதும் போலக் கீழ்நோக்கி இருக்கிறது. ஆனால் இரண்டு தவறுக்கும் மருந்து வேறு. மதிப்பெண் பட்டியலில் இரண்டுமே பூஜ்யம்.

அப்புறம் பாடம் நடத்தும் முறையைக் கொஞ்சம் மாற்றினேன். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் பிரபலப்படுத்திய முறை. ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, பேசாமல் யோசிக்கவிட்டு, அ, ஆ, இ, ஈ அட்டைகளைத் தூக்கச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் சரியென்றால் அடுத்ததற்குப் போகலாம். பெரும்பாலோர் தவறென்றால் திரும்ப நடத்த வேண்டியதுதான். இடைப்பட்ட நிலையில் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்வது. சார்ட் அட்டையில் வெட்டிக் கொடுத்தேன், பெரிய செலவில்லை. சத்தம்தான் பிரச்சினை; பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “போர்ஷன் முடியுமா?” என்று ஸ்டாஃப் ரூமிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சில பீரியடுகள் கூடுதலாகவே போயின.

அலகு முடிந்ததும் அதே வினாத்தாள். இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தேன். வராதவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் கணக்கு பொய் சொல்லும். முன்னேற இருந்த இடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைக் காட்டும் ‘கெய்ன்’ கணக்கிடுவது எளிது: பின்தேர்வு விழுக்காட்டிலிருந்து முன்தேர்வு விழுக்காட்டைக் கழித்து, வந்ததை, நூறிலிருந்து முன்தேர்வைக் கழித்தால் வருவதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 30-இலிருந்து 65-க்கு வந்த வகுப்புக்கு 35-ஐ 70-ஆல் வகுத்தால் 0.5. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 வகுப்புகளின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை இப்படித் தொகுத்தார். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் பேசி விவாதித்த வகுப்புகளின் சராசரி 0.48. நம் வகுப்பு எங்கே நிற்கிறது என்று ஒப்பிட இது உதவும், ஆனால் என் கேள்விகள் வேறு என்பதால் அந்த எண்ணை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது பிரிவுகளுக்கு இடையிலான வித்தியாசம். காலாண்டில் எல்லோரும் பாராட்டிய ஆங்கில வழிப் பிரிவு, முன்தேர்விலேயே நன்றாகச் செய்திருந்தது. கெய்ன் அதிகம் வந்தது தமிழ் வழிப் பிரிவில். ரிசல்ட் அனாலிசிஸில் ‘கவனம் தேவை’ என்று நானே எழுதிக்கொடுத்த பிரிவு அது.

லாரிக் கேள்வி மட்டும் இரண்டு பிரிவிலும் அசையவில்லை. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை எழுது என்றால் ஒரு எழுத்து பிசகாமல் எழுதுவார்கள். அதே கை ‘லாரி அதிக விசை தரும்’ என்று டிக் அடிக்கிறது. ஆய்வகத்திலிருந்து இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொண்டுவந்து கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பிலேயே பலசாலியையும் ஒல்லியான பெண்ணையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே அளவு. “தராசு ரிப்பேரு மிஸ்” என்றான் பலசாலி. தராசுகளை மாற்றிப் பிடித்தும் பார்த்தார்கள், அளவுகள் சமமாகவே இருந்தன. அப்படியானால் காருக்கு மட்டும் ஏன் அவ்வளவு சேதம் என்று ஒரு பெண் கேட்டபோதுதான் விசை வேறு, நிறையைப் பொறுத்த முடுக்கம் வேறு, ஒரே விசையில் நிறை குறைந்த காருக்கு முடுக்கம் அதிகம் என்று பிரித்துப் பேச வழி கிடைத்தது.

அரையாண்டுக்கு முன் லாரியை விட்டுவிட்டு, காந்தத்தையும் இரும்பாணியையும் வைத்து அதே கருத்தைக் கேட்டேன். நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். சிலர் இன்னும் காந்தம்தான் அதிகம் இழுக்கிறது என்கிறார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது வெப்ப இயக்கவியலுக்குக் கேள்விகள் தயாராகின்றன. முதல் கேள்வி: ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த இரும்பு நாற்காலி, மர நாற்காலி இரண்டில் எதன் வெப்பநிலை குறைவு?