பால் கொப்பி

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன். தோட்டப் பெண்களுக்குச் சுயதொழில் ஏற்படுத்திக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வந்து, அங்கே என்ன தொழில் ஏற்கெனவே நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டம் போட வேண்டும் என்பதை நீண்ட நாளாகவே எழுத நினைத்திருந்தேன்.

தையல் மெஷின் கொடுத்தார்கள். காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். சான்றிதழை வாங்கி வந்து லயத்து அறையான காம்பராவின் சுவரில் மாட்டினோம். தைத்ததை யார் வாங்குவார்கள், காளானை எந்த பஸ்ஸில் ஏற்றி எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு அந்தப் பயிற்சிகளில் வரவே இல்லை. மாடோ பாட்டி காலத்திலிருந்தே எங்களிடம் இருந்தது. இல்லாமல் இருந்தது ஒழுங்கான அளவும், வெளிப்படையான கணக்கும், வாசலுக்கு வரும் லொறியும்தான்.

அளவு என்றால் வெறும் லீற்றர் கணக்கு இல்லை. பால் வாங்கும் கம்பெனி கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை போடும். காலைப் பாலில் கொழுப்பு குறையும், பின்னேரப் பாலில் கூடும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்டோமீற்றர் நல்ல பாலில் 28, 30 என்று நிற்கும். தண்ணீர் கலந்தால் இறங்கிவிடும். ஆனால் கறந்த சூட்டோடு நுரையும் அடங்காமல் ஊற்றினால் நல்ல பாலும் குறைத்துத்தான் காட்டும். தோட்டத்தின் மேல் டிவிசன் அக்கா ஒருவர் கொழுந்து பறிக்க மலைக்கு நேரமாகிறதென்று கறந்த கையோடு ஓடி வருவார். அவருடைய பால் தினமும் 25இல் நிற்கும். வரிசையில் முணுமுணுப்பு. "தங்கச்சி, எம் புள்ளைங்க மேல சத்தியமா தண்ணி ஊத்தலம்மா" என்று அவர் அழுதேவிட்டார். அன்றைக்கு அந்தக் கேனைத் தனியே வைத்து, சூடு ஆறிய பிறகு எல்லோர் முன்னாலும் மறுபடி அளந்தோம். 29. அதற்கப்புறம் யார் பாலாக இருந்தாலும் ஆறவிட்டு அளப்பதுதான் சங்கத்தின் விதி. கொப்பியும் மேசைமேல் திறந்தேதான் கிடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். இந்த ஒரு பழக்கத்தால் சங்கம் நிலைத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, மாட்டைப் பார்க்கிறவர் பெயரில்தான் கொப்பி. பெண்சாதியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கிவந்த காலம் தோட்டங்களில் இருந்தது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பிடித்தம் போக மிஞ்சுவதை நம்பியிருந்த பெண்களுக்குப் பால்காசு நேராகக் கைக்கு வருகிறது. வாரத் தவணைக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும் என்று நெருக்கிய கொடுமையை நாங்களும் பட்டோம். இப்போது புண்ணாக்குக்கோ மாட்டு டொக்டருக்கோ அவசரம் என்றால் சங்கத்திலேயே எடுக்கலாம். வட்டியும் சங்கத்துக்கே திரும்புகிறது. சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கமும் சீட்டும் நடத்திய ஆட்களுக்கு இது புதுப் பாடம் இல்லை.

இலங்கையின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1906இல் இதே மலைநாட்டில், தெல்தெனியாவில்தான் தொடங்கியது. 1911இல் அதற்குச் சட்டமும் வந்தது. இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களுக்கோ 1948இல் குடியுரிமையே போனது. மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003 வரை ஆனது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், உள்ளூராட்சி மன்றமான அந்தச் சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்க முடியாமல் கிடந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். பால் கேனைத் தலையில் வைத்துச் சேற்று ரோட்டில் வழுக்கி விழுந்தவர்களைக் கேளுங்கள், அந்தப் பிரிவு என்ன செய்தது என்று சொல்வார்கள்.

2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது மரக்கறித் தோட்டக்காரர்கள் சாணிக்குத் தேடி வந்தார்கள். அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. தீவன விலை ஏறி, அடுத்த வருசம் டீசல் இல்லாமல் லொறியும் வராத நாட்களில், கறந்த பாலைத் தயிராக உறைய வைத்து லயத்துக்குள்ளேயே கடனுக்குக் கொடுத்தோம். கண்ணீரோடு மாட்டை விற்றவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது காணிப் பிரச்சினை. மாட்டுப்பட்டி நிற்பது தோட்டத்துக் காணியில். 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. கூரைத் தகரம் மாற்றவும் இன்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வங்கிக்குப் போனால் காணி உறுதிப்பத்திரம் கேட்கிறார்கள், எங்களிடம் ஏது உறுதி? வீட்டுக்குச் சில பேர்ச் என்கிறார்கள் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி). வீடு கட்டலாம், நல்லது. ஆனால் ஒரு கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைப் புல்லாவது வேண்டும். அதை அந்தச் சில பேர்ச்சில் எங்கே வளர்ப்பது? தேயிலை பிடுங்கிய தரிசு மலைகள் காடாகக் கிடக்கின்றன. அதில் ஒரு துண்டைச் சங்கத்தின் பெயரில் புல்லுக்கு எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பின்னேரப் பாலைச் சேர்க்க ஒரு குளிரூட்டித் தாங்கி வேண்டும். இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துவிடும். தாங்கி தர ஆள் இருக்கிறது, அதை வைக்கத்தான் இடம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்த பழைய பிள்ளைக் காம்பராவைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வேறு தோட்டங்களில் இப்படிக் கட்டடம் எழுதி வாங்கியவர்கள் இருந்தால், கடிதத்தில் என்ன கேட்டீர்கள், எத்தனை வருசத்துக்கு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறேன்.